ஒரே டின் பெயின்ட், மூன்று இடத்தில் மூன்று நிறம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஐயா காலத்து வீடு. பல வருடம் பூட்டிக் கிடந்ததைப் பங்காளிகள் சேர்ந்து இப்போது பழுது பார்க்கிறார்கள். கேட்டவர் கடையில் ஷேட் கார்டைப் பார்த்து, சாம்பலில் துளி பச்சை ஓடிய ஒரு டல் கலரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒரே நேரத்தில் கலக்கி வாங்கிய டின்களிலிருந்து முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), உள்வீடு (வளவை ஒட்டிய உள் அறை) மூன்றுக்கும் அடித்தாயிற்று. முகப்பில் கார்டில் பார்த்தபடியே இருக்கிறது. வளவில் அதே பெயின்ட் பழுப்பேறிய சந்தன நிறமாகத் தெரிகிறது. உள்வீட்டில் நீலம் ஓடிய அழுக்குச் சாம்பல். மூன்று இடத்துக்கும் படம் போட்டிருக்கிறார். கடைக்காரர் டின்னை மாற்றிக் கொடுத்துவிட்டாரா, எந்தக் கலர் அடித்தால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்று கேட்கிறார்.

கடைக்காரர் மேல் சந்தேகம் என்பது வெளியில் தெரிகிற கேள்வி. அதற்குள் இருப்பது, வெளிச்சம் மாறினாலும் தான் மாறாத டல் கலர் ஒன்று உண்டா என்ற கேள்வி. அதற்கு நேர்ப் பதில்: இல்லை. டல் கலர்களின் குணமே வெளிச்சத்தை ஒட்டி மாறுவதுதான். செட்டிநாட்டு வீடுகளில் இது இன்னும் அதிகமாகத் தெரியும். இங்கே உள்சுவர்களுக்கு வெளிச்சம் நேராக வருவது அபூர்வம். முற்றத்துத் தரையிலோ, தாழ்வாரத்துத் தளத்திலோ, எதிர்ச் சுவரிலோ, தேக்கு மரத்திலோ பட்டுத்தான் வருகிறது. நான் கட்டடக்கலை படித்தவன், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பழைய வீடுகளைச் சீரமைப்பதே தொழில். வீட்டுக்காரர்களுக்கும் பெயின்டருக்கும் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டல் கலர் ஏன் இப்படி ஆட்டம் காட்டுகிறது என்பது. சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. உங்கள் சாம்பல் பச்சை, தோராயமாக, சிவப்பில் நூற்றுக்கு 40, பச்சையில் 44, நீலத்தில் 40 பங்கைத் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்குத்தான்). அந்த நாலு பங்கு கூடுதல் பச்சைதான் அந்தக் கலரின் அடையாளமே. இப்போது விழுகிற வெளிச்சத்தில் சிவப்பு பத்தில் ஒரு பங்கு கூடி, நீலம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், திரும்பி வருவது 44, 44, 36. சிவப்பும் பச்சையும் சமமாகி நீலம் பின்தங்கினால் கண்ணுக்கு அது மஞ்சள் பக்கம். உங்கள் வளவுச் சுவர் இதுதான். வெளிச்சம் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் 36, 44, 44. நீலப் பச்சைச் சாம்பல். அது ஏறக்குறைய உங்கள் உள்வீடு. இதே கணக்கைக் கிளிப்பச்சைக்குப் போட்டுப் பாருங்கள்: 20, 60, 10 என்பது 22, 60, 9 ஆகும், அவ்வளவுதான். பச்சை பச்சையாகவே நிற்கிறது. குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் தெரியாது, கஞ்சியில் உடனே தெரியும். டல் கலர் கஞ்சி மாதிரி. பெயின்ட் மோசம் என்பதால் வருவதில்லை இது. நிறம் அவ்வளவு கொஞ்சமாக இருப்பதால் வெளிச்சத்தின் நிறமும் அதே அளவுக்குக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

வெளிச்சத்துக்கு அப்படி எவ்வளவு நிறம் இருக்கிறது என்றால், நாம் நினைப்பதைவிட அதிகம். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். எண் ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சளும் சிவப்பும். உச்சிவெயில் ஏறக்குறைய 5500. மேகம் மூடிய வானம் 6500 சுமார். வெயில் நேராக விழாத இடத்துக்கு வெறும் நீல வானம் மட்டும் தரும் வெளிச்சம் 10000-ஐத் தாண்டும். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது 3000-க்கும் கீழே. அதாவது மேலே சொன்ன பத்தில் ஒரு பங்கு மாற்றமெல்லாம் மிகச் சிறியது. காலை ஏழு மணிக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் நடுவில் நடப்பது அதைவிடப் பல மடங்கு. அப்படியும் வெள்ளைச் சுவர் நமக்கு நாள் முழுக்க வெள்ளையாகத் தெரிவது கண்ணின் வேலை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இணையத்தில் இந்த விஷயத்தைத் தேடினால், வடக்குப் பார்த்த அறையில் குளிர்ந்த நீல வெளிச்சம், அது நாள் முழுக்க மாறாது, ஆகவே வெதுவெதுப்பான கலர் அடியுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் சரி. அங்கே உச்சிவேளையில் சூரியன் எப்போதும் தெற்கேதான், வடக்கு ஜன்னலுக்குக் கோடையில் அதிகாலையும் மாலையும் தவிர வெயில் வருவதில்லை. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில். ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்த கையோடு, சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி வருகிறது. இடைப்பட்ட நாலு மாதத்துக்கு மேல், உச்சிவேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதம் உதிப்பதும் மறைவதும் நேர் கிழக்கு மேற்கிலிருந்து 23 டிகிரிக்கு மேல் வடக்கே தள்ளி. அதனால் ஆனி மாதக் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் சாய்வாக உள்ளே வரும். மார்கழியில் எல்லாம் தலைகீழ்: உச்சியில் சூரியன் தெற்கே 33 டிகிரி சாய்ந்திருக்கும், வடக்கு அறைக்கு வானத்து நீலம் மட்டும். ஆகவே திசையை மட்டும் வைத்துக் கலர் சொல்லும் கட்டுரைகளை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வடக்கு அறை வருடம் முழுக்கக் குளிர்ந்த வெளிச்சம் என்பது இங்கே பாதி வருடத்துக்குத்தான் உண்மை.

திசையைவிட நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் சுவரில் விழும் வெளிச்சம் கடைசியாக எதில் பட்டு வந்தது? உங்கள் முகப்பு கிழக்குப் பார்த்தது, தெருவுக்குத் திறந்தது. அங்கே வானத்து வெளிச்சமும் தெருவில் பட்ட வெளிச்சமும் தாராளமாகக் கலந்து வருகின்றன. கடைக்கு வெளியே நின்று கார்டைப் பார்த்த வெளிச்சத்துக்கு அது ஏறக்குறைய சமம். அதனால் கார்டு மாதிரியே தெரிகிறது. வளவு அப்படியில்லை. நீங்கள் போட்ட படத்தில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் முழுக்க ஆத்தங்குடிக் கல் (கையால் வார்த்த சிமென்ட் டைல்), அதிலும் சிவப்பு தூக்கலாக. முற்றத்தின் வழியாக இறங்குகிற வெளிச்சம் அந்தச் சிவப்பில் பட்டுத்தான் சுவருக்கு ஏறுகிறது. மேலே தேக்கு உத்தரமும் பலகையும் இன்னொரு பழுப்பைச் சேர்க்கின்றன. பிறகு அது நடுநிலை வெளிச்சமாக இருக்க வழியே இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை. காலை பத்து மணி வாக்கில், ஒரு வெள்ளைத்தாளைக் கூரை மாதிரி மடித்து, மடிப்பு படுக்கையாக உங்களைப் பார்த்து இருக்கும்படி, வளவுச் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். மேல் பாதி முற்றத்து வானத்தைப் பார்க்க வேண்டும், கீழ்ப் பாதி தரையைப் பார்க்க வேண்டும். ஒரே தாள்தான். மேல் பாதி லேசான நீலத்தோடு வெள்ளையாக இருக்கும். கீழ்ப் பாதியில் செம்மை ஏறியிருக்கும், மடிப்புக் கோட்டில் இரண்டும் பிரிவது கத்தியால் வெட்டியது போலத் தெளிவாகத் தெரியும். அப்படியே தாளைத் தலை உயரத்துக்குத் தூக்குங்கள், செம்மை குறையும். இப்போது சுவரைப் பாருங்கள்: தரையோடு சேர்ந்த இரண்டு அடி ஒரு நிறம், அதற்கு மேல் ஒரு நிறம் என்று இதுவரை கவனிக்காத மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். ஒரு சின்னக் குறிப்பு: ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின் மேல் வார்த்துச் செய்வதால் அதற்கு ஒரு பளபளப்பு உண்டு, நடக்க நடக்க அது கூடும். அந்தப் பளபளப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் சிவப்பை எடுத்துக்கொள்வதில்லை, வானம் எந்த நிறமோ அந்த நிறத்திலேயே தெறிக்கும். அதனால் தரையை நன்றாகத் துடைத்த நாளில் சுவரின் சில இடங்களில் வெள்ளைப் பட்டைகள் விழும். அழகான விஷயம் அது. அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டு வருவதால் இன்னொன்றும் நடக்கிறது. நான்கு சுவருக்கும் ஒரே கலர் அடித்தால், ஒரு சுவர் அனுப்பும் வெளிச்சம் இன்னொரு சுவரில் விழுந்து மறுபடி சலிக்கப்படுகிறது. அதே உதாரணத்தில், ஒரு முறை பட்ட வெளிச்சத்தில் பச்சை மற்றவற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் என்றால், இரண்டு முறை பட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அறையின் மூலைகளில் கலர் அடர்த்தியாகத் தெரிவது இதனால்தான். கார்டில் இரண்டு விரல் அகலத்தில் பார்த்தது சுவரில் ‘ஓவராக’ இருக்கிறது என்று சொல்வதற்கும் இது ஒரு காரணம்.

இதுவரை சொன்னது வெளிச்சத்தின் கணக்கு, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இனிமேல் கண்ணின் கணக்கு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஓர் அறைக்குள் போய் ஒன்றிரண்டு நிமிடம் இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, அதன் நிறத்தைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. உங்கள் உள்வீட்டுக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். அந்த நீலம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் வளவில் நின்று கதவு வழியாக உள்ளே பார்க்கும்போது இரண்டு வெளிச்சமும் ஒரே நேரத்தில் கண்ணில் விழுகின்றன. கண் ஒன்றுக்குத்தான் பழக முடியும். வளவின் செம்மைக்குப் பழகிய கண்ணுக்கு உள்ளே இருப்பது நீலமாகத்தான் தெரியும். நீங்கள் எழுதியதை மறுபடி படித்தேன்: ‘வளவிலிருந்து பார்க்கும்போது உள்வீடு அழுக்காகத் தெரிகிறது’ என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் பாதிப் பதில் இருக்கிறது.

அடுத்தது பக்கத்து நிறத்தின் வேலை. பாரிசில் கோப்லாங் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளர், கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்ற புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்களால்தான் கறுப்பு அப்படித் தெரிகிறது என்று கண்டார். 1839-ல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கம் தள்ளும்: சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பல் பச்சையாகத் தெரியும். அப்படியானால் உங்கள் சிவப்புத் தரை இரண்டு வேலை செய்கிறது. செவ்வெளிச்சத்தை அனுப்பிச் சுவரை மஞ்சள் பக்கம் இழுக்கிறது. பக்கத்தில் இருப்பதால் சுவரைப் பச்சை பக்கம் தள்ளுகிறது. இரண்டில் எது ஜெயிக்கும் என்பதைக் காகிதத்தில் யாராலும் சொல்ல முடியாது. வெளிச்சம் தாராளமாக இருந்து தரை அதிகம் தெரிந்தால் ஒரு மாதிரி, தரையில் பாய் விரித்தால் வேறு மாதிரி. படத்தை மட்டும் பார்த்து இந்தக் கலர்தான் சரி என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. அதிலும் போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தின் நிறத்தைத் தானாகவே திருத்திக்கொள்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் நிறத்துக்குச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள மட்டும் பார்த்தேன்.

வயதும் ஒரு காரணம். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைக் குறைவாக உள்ளே விடும். பேரன் நீலம் என்பதும் அப்பத்தா ‘இதிலே எங்கே நீலம்’ என்பதும் ஒரே சுவரைப் பற்றித்தான் இருக்கும். இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

உள்வீட்டைத் தனியாகப் பேச வேண்டும், அங்கே நிறத்தைவிட வெளிச்சத்தின் அளவே பிரச்சினை. வெளிச்சம் குறையக் குறைய எந்த நிறமும் தன் வண்ணத்தை இழந்து சாம்பலை நோக்கிப் போகும். ஏற்கெனவே சாம்பல் ஓடிய கலருக்கு இழக்க மிச்சம் என்ன இருக்கிறது? அழுக்கு என்று நீங்கள் சொன்னது அதுதான். இருட்டறைக்கு வெள்ளையடித்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. வெளிச்சம் ஓரளவாவது வந்தால் வெள்ளை அதைத் திருப்பித் திருப்பி அனுப்பி அறையை நிரப்பும். ஒரே ஒரு கதவு, அதுவும் தாழ்வாரத்துக்குள் திறப்பது என்றால், திருப்பி அனுப்பவே ஒன்றும் வராது. பகலில் அந்த வெள்ளை சாம்பலாகத்தான் நிற்கும். அப்படிப்பட்ட அறைக்கு நான் சாம்பல் குடும்பத்தையே தவிர்த்துவிட்டு, மஞ்சள் அல்லது செம்மை தெளிவாக ஓடிய வெளிர் கலர், சந்தனம், நல்ல க்ரீம் இந்த மாதிரிதான் சொல்வேன். இது என் ரசனையும் சேர்ந்த முடிவு; அடர்ந்த நிறம் அடித்து அறை இருட்டாகவே இருக்கட்டும் என்று விடுகிறவர்களும் உண்டு, அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த அறைக்கு இன்னொரு கோட் அடிப்பதற்கு முன் பல்பை மாற்றுங்கள். ஒரு டின் பெயின்ட்டைவிட அது மலிவு. கடைகளில் அதிகம் கிடைப்பது 6500 கெல்வின் கூல் டேலைட் எல்இடி. நீங்கள் போட்டிருப்பதும் அநேகமாக அதுதான், ஒரே படத்திலேயே வளவோடு ஒப்பிட்டால் நீலமாக எரிகிறது. அட்டையில் 4000 என்று போட்ட நேச்சுரல் வைட் ஒன்றும், 3000 வார்ம் வைட் ஒன்றும் வாங்கி, மாட்டிப் பாருங்கள். சிஆர்ஐ என்று ஓர் எண்ணும் சில அட்டைகளில் இருக்கும், பல்பு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு. அது 90-க்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்கினால் நிறங்கள் உயிரோடு தெரியும். சாதாரண பல்புகள் 80 சுமார். கதவு வழியாக வருகிற பகல் வெளிச்சத்தோடு சண்டை போடாமல் இருக்கப் பெரும்பாலும் 4000 போதும். அந்த ஒரு மாற்றத்திலேயே உங்களுக்குத் திருப்தி வந்தாலும் ஆச்சரியமில்லை.

முற்றத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. மழைக்கும் குரங்குக்கும் பயந்து இப்போது பல வீடுகளில் கம்பிக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட்டோ ஃபைபர் ஷீட்டோ போட்டுவிடுகிறார்கள். பச்சை அல்லது நீல ஷீட் போட்டிருந்தால் நான் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் ரத்து: வீட்டுக்குள் வருகிற ஒட்டுமொத்த வெளிச்சமும் அந்த நிறம்தான். நிறமில்லாத ஷீட்டும் வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மஞ்சளாகிவிடும். அப்படி ஏதாவது இருந்தால், சுவரைத் தொடுவதற்கு முன் ஷீட்டை மாற்றுவதுதான் முதல் வேலை. கதவுக்கு மேலே பழைய வண்ணக் கண்ணாடி இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது விழவைக்கும் சிவப்பு, நீலத் திட்டுகள் சூரியனோடு நகர்ந்துகொண்டே இருக்கும், சுவரின் கலரோடு யாரும் அதைக் குழப்பிக்கொள்வதில்லை.

சரி, கடைக்காரர் விஷயம். ஓர் அட்டைத்துண்டில் மூன்று டின்னிலிருந்தும் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, வெளியே, வெயில் நேராக விழாத நிழலில், ஷேட் கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்து, கார்டோடும் ஒத்துப்போனால் கடைக்காரர் மேல் தப்பில்லை. அதே அட்டையை ராத்திரி பல்பு வெளிச்சத்திலும் பாருங்கள். பகலில் ஒத்துப்போய் பல்பில் மட்டும் கார்டிலிருந்து விலகினால், ஒரு கம்பெனியின் ஷேடை இன்னொரு கம்பெனியின் மெஷினில் கலக்கியிருக்க வாய்ப்பு உண்டு. வெவ்வேறு நிறப்பொடிகளால் ஒரே நிறத்தை வரவழைத்தால், ஒரு வெளிச்சத்தில் சேர்ந்தது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். இன்னும் இரண்டு இடத்தில் தவறு நடக்கலாம். உள்வீட்டில் பழைய நீல டிஸ்டெம்பர் மேல் பிரைமர் இல்லாமல் ஒரே கோட்டில் முடித்திருந்தால் அடியில் உள்ள நீலம் எட்டிப் பார்க்கும். ஓரிடத்தில் மேட், இன்னோரிடத்தில் பளபளப்பு ரகம் என்று மாறியிருந்தாலும் கலர் வேறாகத் தெரியும். பெயின்டரிடம் கோபப்படாமல் கேளுங்கள், சொல்லிவிடுவார்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. மூன்றாவது படத்தில் கதவு நிலைக்குப் பக்கத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பளபளப்பு தெரிகிறது. அந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தால் அது நம் பழைய சுண்ணாம்புப் பூச்சு. முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து நாள்கணக்கில் தேய்த்து எடுத்தது. தயவுசெய்து அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அப்படித் தேய்த்தால்தான் எமல்ஷன் பிடிக்கும் என்று சொல்வார்கள். தேய்த்த மேற்பரப்பு திரும்பி வராது. அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விடக்கூடியது. மேலே பிளாஸ்டிக் தோல் மாதிரி எமல்ஷன் மூடினால் ஈரம் உள்ளே தங்கிக் கொப்புளித்து உரியும், நீங்கள் பார்த்த உரிசல் அதன் ஆரம்பமாக இருக்கலாம். வெளிச்சக் கணக்கிலும் அந்தப் பூச்சுக்கு இணை கிடையாது. நடுநிலையான வெள்ளை, அதில் மெல்லிய பளபளப்பு. வருகிற வெளிச்சத்தை அதன் நிறத்தோடு உள்ளே ஆழமாக எடுத்துப்போகும். நிறத்தைத் தரையும் மரமும் கண்ணாடியும் தந்தன. சுவர் அதை வாங்கிப் பரப்பியது. சுண்ணாம்பு அடிக்கும்போது துளி நீலம் சேர்க்கும் பழக்கமும் இதே கணக்குத்தான்: மஞ்சளைச் சமன் செய்ய. அந்த நீலம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். அதனால் வளவில் பழைய பூச்சு முழுசாக இருந்தால், டல் கலர் ஆசையை அந்த இடத்தில் மட்டும் விட்டுவிட்டு, எமல்ஷனை மெதுவாகச் சுரண்டி எடுத்துப் பூச்சை வெளிக்கொண்டுவர முடியுமா என்று பூச்சு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பிலேயே நிறம் வேண்டுமென்றால் மஞ்சள் காவி, செங்காவி போன்ற மண் நிறங்கள் நிற்கும். கார்டில் உள்ள எல்லா ஷேடும் சுண்ணாம்பில் நிற்காது.

பூச்சு போய்விட்டது, எமல்ஷன்தான் என்றால், அடுத்த முறை தேர்வை இப்படிச் செய்யுங்கள். இரண்டடிக்கு இரண்டடி ஜிப்சம் பலகை அல்லது பிளைவுட், பிரைமர், இரண்டு கோட். சுவரில் நேராக அடித்துப் பார்க்காதீர்கள், சுற்றியுள்ள பழைய கலர் கண்ணைத் தள்ளிவிடும். பலகையைத் தரையில் படுக்க வைத்தும் பார்க்காதீர்கள். சுவர் நிற்கிறது, பலகையும் நிற்க வேண்டும். ஒரே ஷேடில் இரண்டு பலகை செய்து மூலையில் எதிரெதிராகச் சாய்த்தால், நான் சொன்ன சுவருக்குச் சுவர் அடர்த்தி தெரிந்துவிடும். எமல்ஷன் காய்ந்தால் சற்றுக் கருக்கும், சுண்ணாம்பு காய்ந்தால் நன்றாக வெளுக்கும். இரண்டையும் அடுத்த நாள்தான் எடை போட வேண்டும். காலை ஏழு, உச்சி, சாயங்காலம், விளக்கு போட்ட பிறகு என்று அதே பலகையை மூன்று இடத்துக்கும் எடுத்துப் போய்ப் பாருங்கள்.

அதோடு, வீட்டை எப்போது திறப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள். படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கிற சடங்கு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால், உங்கள் ஆட்கள் அந்தச் சுவரைப் பார்க்கப் போவது பெரும்பாலும் விடியற்காலையிலும் ராத்திரி விளக்கிலும், முற்றத்துக்கு மேல் பந்தல் துணி கட்டிய நாட்களிலும். ஆளில்லாத வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு அது எப்படித் தெரிகிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பல நாள் முற்றத்தில் வெயில் விழாது, வானம் முழுக்க மூடிய வெளிச்சம்தான். அந்த மாதங்களில் தங்குவீர்கள் என்றால் இப்போது பார்ப்பதைவிடச் செம்மை குறைந்து, பெயின்ட் கார்டுக்கு நெருக்கமாகவே தெரியும்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது. முகப்பை அப்படியே விடுங்கள், அங்கே கலர் அழகாக அமைந்திருக்கிறது. வளவில் எமல்ஷன்தான் என்று முடிவானால், அதே கார்டின் அதே பக்கத்தில் பச்சை ஒரு படி தூக்கலான ஷேடை எடுத்துப் பலகையில் பாருங்கள். தரையின் செம்மை அந்தக் கூடுதலைத் தின்றுவிட்டு, முகப்பில் தெரிகிற நிறத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தக்கூடும். உள்வீட்டில் முதலில் பல்பு, அது போதாவிட்டால் க்ரீம். மூன்று இடமும் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டுமென்றால் மூன்று வேறு டின் வாங்கித்தான் ஆக வேண்டும். மீதமிருக்கும் இப்போதைய பெயின்ட்டை இறுக மூடி, ஷேட் நம்பரையும் கலக்கிய தேதியையும் டின் மேல் எழுதி வையுங்கள், முகப்பில் பின்னால் ஒட்டுவேலைக்கு அதுவேதான் வேண்டும். புதிதாகக் கலக்கி வாங்கினால் அதே நம்பரிலும் ஒரு மயிரிழை மாறும், முகப்பு வெளிச்சத்தில் அது தெரிந்துவிடும்.